தப்புக் கணக்கிலும் ஒரு கணக்கு உண்டு

மாலை ஏழு மணிக்குமேல் தில்லியில் நம்மவர்கள் வாழும் எந்தக் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறினாலும் ஒரு சத்தம் காதில் விழும். ராமகிருஷ்ணபுரத்துச் சர்க்கார் குவார்ட்டர்ஸானாலும் சரி, திரிலோக்புரியின் ஒற்றை அறை வீடானாலும் சரி, சத்தம் ஒன்றுதான். "எத்தனை தடவை சொல்லிக் கொடுப்பது? மறுபடியும் அதே தப்பா?" என்று ஒரு தகப்பனார் கத்துவார். சில சமயம் அதைத் தொடர்ந்து ஓர் அறையும் ஓர் அழுகையும் கேட்கும். அழுவது யார் என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும் பிள்ளை. எதிரே கிடப்பது கணக்கு நோட்டு.

"மறுபடியும் அதே தப்பு" என்ற அந்த வார்த்தையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். கோபத்தில் சொல்வதானாலும் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கவனக்குறைவினால் வரும் தப்பு ஒரே மாதிரி வராது. இன்று ஓரிடத்தில் வரும், நாளை வேறிடத்தில் வரும். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்தப் பிள்ளை ஏதோ ஒரு விதியைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது என்றுதான் பொருள். விதியில்தான் கோளாறு, கடைப்பிடிப்பதில் கோளாறில்லை.

எங்கள் பிளாக்கில் ஒரு நண்பர் இருக்கிறார். மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. அவர் பையன் நாலாம் வகுப்பு. கழித்தல் கணக்கு அவனுக்கு வரவே மாட்டேன் என்கிறது என்று ஒரு நாள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். 52-ல் 17 போனால் 25 என்று எழுதியிருந்தான். 83-ல் 46 போனால் 27. 64-ல் 28 போனால் 26. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஆனால் 78-ல் 35 போனால் 43 என்று சரியாகவே எழுதியிருந்தான். "பாருங்கள், ஒன்று சரியாகப் போடுகிறான், மூன்று தப்பாகப் போடுகிறான். கவனமே கிடையாது" என்றார். பள்ளிக்கூடத்திலும் நோட்டின் அடியில் 'கவனம் தேவை' என்றே எழுதியிருந்தார்கள்.

நான் அவரிடம் கேட்டேன்: "உங்கள் பேரேடு டேலி ஆகாவிட்டால் என்ன செய்வீர்கள்? எழுதிய குமாஸ்தாவை அறைவீர்களா?" சிரித்தார். "வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்பேன்" என்றார்.

ஆபீஸில் கணக்கெழுதிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. டிரயல் பாலன்ஸில் வித்தியாசம் வந்து, அது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் தேடுவார்கள். 45-ஐ 54 என்று எழுதினால் வித்தியாசம் 9. 370-ஐ 730 என்று எழுதினால் 360. அதுவும் ஒன்பதின் மடங்கு. வேறு சில சமயம் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பார்கள்; பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருந்தால் அந்தப் பாதித் தொகை எங்காவது உட்கார்ந்திருக்கும். ஆக, தப்பு என்பது ஒரு தடயம். அதைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகலாம். இதை முப்பது வருஷமாக ஆபீஸில் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தவுடன் நாம் மறந்துவிடுகிறோம்.

நண்பர் அந்த மூன்று கணக்கையும் மறுபடி பார்த்தார். சரியான விடைகள் 35, 37, 36. பையன் எழுதியவை 25, 27, 26. "எல்லாவற்றிலும் பத்து குறைகிறது!" என்றார். அவர் முகத்தில் கோபம் போய் ஒரு கணக்காளரின் ஆவல் வந்துவிட்டது. பையனைக் கூப்பிட்டு, "இதை எப்படிப் போட்டாய், வாயால் சொல்லிக்கொண்டே போடு" என்றோம். பயந்துகொண்டே போட்டான். "2-லிருந்து 7 போகாது. பக்கத்து வீட்டில் கடன். 5 இப்போ 4. இங்கே 12. 12-ல் 7 போனால் 5. கீழே 1-க்கு ஒன்று சேர்த்தால் 2. 4-ல் 2 போனால் 2. இருபத்தைந்து."

கீழே எதற்கு ஒன்று சேர்த்தாய் என்றேன். "அப்பா அப்படித்தான் சொன்னார்" என்றான்.

விஷயம் விளங்கிவிட்டது. கழித்தலுக்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, மேலே பத்தாமிடத்தில் ஒன்றைக் குறைத்து அதை ஒன்றாமிடத்துக்குப் பத்தாகக் கொண்டுவருவது. இப்போது பள்ளிகளில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். இன்னொன்று, மேலே ஒன்றாமிடத்தில் பத்தைச் சேர்த்து, அதற்கு ஈடாகக் கீழே பத்தாமிடத்தில் ஒன்றைச் சேர்ப்பது. நண்பர் சிறு வயதில் படித்தது இது. இரண்டும் சரியான முறைகளே. பகலில் வாத்தியார் மேலே ஒன்று குறைக்கச் சொன்னார். இரவில் அப்பா கீழே ஒன்று கூட்டச் சொன்னார். பையன் இருவர் பேச்சையும் தட்டாமல் இரண்டையும் செய்தான். பத்து இரண்டு முறை கழிந்துபோயிற்று. கடன் வாங்க வேண்டாத கணக்கில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. அதனால்தான் அது மட்டும் சரியாக வந்தது. இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள பிள்ளைக்குக் கிடைத்தது ஓர் அறையும் 'கவனம் தேவை' என்ற குறிப்பும்.

குழந்தைகள் செய்யும் தப்புகளில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான். நாம் சொல்லிக் கொடுத்ததே பாதி திரிந்து நம்மிடம் திரும்பி வருகிறது. 52-ல் 17 போனால் 45 என்று எழுதும் பிள்ளையும் உண்டு. அது ஒவ்வொரு இடத்திலும் சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழிக்கிறது. "சின்னதிலிருந்து பெரியது போகாது" என்று சொன்னவர்கள் நாம்தானே? நூற்று ஐந்து என்று சொல்லி எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் குழந்தை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது; நூறு, பிறகு ஐந்து. 2.35 மீட்டர் துணி நீளமா, 2.5 மீட்டர் துணி நீளமா என்றால் 2.35 என்கிறான் ஆறாம் வகுப்புப் பையன். முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரிது அல்லவா? அவன் கிரிக்கெட் பார்க்கிறவனாக இருந்தால் இன்னொரு குழப்பமும் சேரும். ஸ்கோர் பலகையில் 4.5 ஓவர் என்றால் நாலு ஓவரும் ஐந்து பந்தும். அடுத்த பந்தோடு ஓவர் முடிந்து ஐந்தாகிவிடும். அங்கே 4.5 என்பது நாலரை அல்ல. பள்ளிக்கூடத்தில் 4.5 என்பது நாலரை. இரண்டிலும் புள்ளி ஒரே மாதிரிதான் இருக்கிறது. இதை யாராவது அவனிடம் உட்கார்ந்து பேசியதுண்டா?

பின்னக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1/2-உடன் 1/3-ஐக் கூட்டினால் 2/5 என்று எழுதாத வகுப்பே உலகில் இல்லை எனலாம். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிடுவது. இது எங்கிருந்து வந்தது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. ஒரு நாள் ஒரு குழந்தையின் விடைத்தாளைப் பார்த்தபோது தெரிந்தது. முதல் பகுதியில் 7/10, இரண்டாம் பகுதியில் 12/20, மொத்தம் 19/30 என்று வாத்தியாரே கூட்டிப் போட்டிருந்தார்! மார்க்குக்கு அது சரி. பத்துக்கு ஏழும் இருபதுக்குப் பன்னிரண்டும் சேர்ந்தால் முப்பதுக்குப் பத்தொன்பதுதான். ஆனால் அரை ரொட்டியுடன் மூன்றில் ஒரு பங்கு ரொட்டியைச் சேர்த்தால் ஐந்தில் இரண்டு பங்கு ஆகாது. மார்க்குக் கணக்கில் முழுமை இரண்டு வேறு தாள்கள். ரொட்டிக் கணக்கில் முழுமை ஒரே அளவு ரொட்டி. இந்த வித்தியாசத்தைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிக்கும்படி வகுப்பில் விவாதிக்கலாம். "2/5 என்பது அரையைவிடக் குறைவாயிற்றே, அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும். வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

நம் பழைய எண்சுவடியிலும் இதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டும் சேர்ந்தது மாகாணி, அது 1/16. மேலே கீழே கூட்டுகிற முறையில் போட்டால் 2/100 வரும், அதாவது 1/50. மாவோடு காணியைச் சேர்த்தபின் மாவைவிடக் குறைந்துவிடும். திண்ணைப் பள்ளியில் படித்த நம் பாட்டனார்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

தில்லிப் பிள்ளைகளுக்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் தமிழில் எண்ணுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில், சப்ஜி மண்டியில் ஹிந்தியில். தமிழில் நாற்பத்தொன்பது என்றால் நாற்பதும் ஒன்பதும் காதிலேயே கேட்கும். ஹிந்தியில் அது 'உன்சாஸ்'. ஐம்பதுக்கு ஒன்று குறைவு என்ற அர்த்தத்தில் வந்த சொல். 'பசாஸ்' என்ற ஐம்பதின் சாயல் கேட்பதால் குழந்தை 59 என்று எழுதுகிறது. 69-க்கு 'உனஹத்தர்' என்றால் எழுபதின் சாயல் கேட்டு 79 என்று எழுதுகிறது. இதைத் தப்பு என்று அடித்துவிட்டால் அதோடு சரி. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டு, நம் தமிழிலேயே தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் ஒலிப்பதைக் காட்டினால், அந்தப் பிள்ளை மூன்று மொழியின் எண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கும். இந்த வாய்ப்பு மயிலாப்பூர்ப் பிள்ளைக்குக் கிடையாது. நாம் இதை ஒரு சுமையென்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இவையெல்லாம் என் சொந்தச் சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். மற்ற தேசங்களில் ஐம்பது வருஷங்களாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்பவர் 1973-ல் அமெரிக்காவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பென்னி என்று பெயரிட்டு எழுதியிருக்கிறார். தானே படித்து, தானே தாளில் விடை எழுதி, விடைக் குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்தப்படும் ஒரு முறையில் அவன் படித்தான். நன்றாகவே முன்னேறுகிறான் என்பது வாத்தியாரின் அபிப்பிராயம். உட்கார்ந்து பேசிப் பார்த்தபோது 2/10 என்பதை 1.2 என்று அவன் எழுதுவது தெரியவந்தது. மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டி, பன்னிரண்டாக்கி, நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவான்! 4/11-ம் அவனுக்கு 1.5, 11/4-ம் 1.5. கணக்கு என்பது யாரோ எங்கோ இஷ்டத்துக்கு ஏற்படுத்திய விதிகளின் மூட்டை என்று அவன் நம்பியிருந்தான். அவனிடம் யாரும் பேசாததால் யாருக்கும் இது தெரியவில்லை.

ஜான் ஸீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-ல் கழித்தல் கணக்கையே எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் தப்புகளை வகைப்படுத்தினார்கள். கம்ப்யூட்டர் புரோகிராமில் வரும் கோளாறுக்குப் 'பூச்சி' என்று ஒரு பெயர் உண்டல்லவா, அதையே இதற்கும் வைத்தார்கள். பிள்ளையின் மனத்திலுள்ள முறையில் இன்ன இடத்தில் இன்ன பூச்சி என்று கண்டுகொண்டால், அடுத்த கணக்கில் அது என்ன தப்பு விடை எழுதும் என்பதைக்கூட முன்னதாகச் சொல்ல முடிந்தது.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா, பேசினால் தப்பு போகுமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் விடை தேடினார்கள். மால்கம் ஸ்வான் என்பவர் 1983-ல் தசம எண்களை இரண்டு விதமாகக் கற்பித்துப் பார்த்தார். ஒரு குழுவுக்குச் சரியான முறை மட்டும் தெளிவாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. இன்னொரு குழுவில் பிள்ளைகளின் தப்பு அபிப்பிராயங்களையே முதலில் வெளியே வரவிட்டு, அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்படி செய்து, வகுப்பிலேயே வாதாட விட்டார்கள். இந்த இரண்டாவது குழுவே மேலாகக் கற்றது. ஜப்பானில் இது ஒரு ஆராய்ச்சியாக இல்லாமல் பள்ளிக்கூட வழக்கமாகவே இருக்கிறது. வேண்டுமென்றே தப்பு விடையையும் கரும்பலகையில் எழுதவைத்து வகுப்பைப் பேசவைக்கும் ஆசிரியர்கள் அங்கே அநேகம்.

நிற்க. நம் நாட்டில் என்ன நிலை?

காகிதத்தில் குறைவில்லை. 2005-ல் தேசியக் கலைத்திட்ட வரைவு தயாரானபோது, என்.சி.இ.ஆர்.டி. கணிதக் கல்விக்கென அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம். நம்மவர். பெரும்பாலான குழந்தைகளிடம் கணக்கு என்றாலே அச்சமும் தோற்றுவிடுவோம் என்ற உணர்வும் இருப்பதை அந்தக் குழுவின் அறிக்கை முதல் பிரச்னையாக வைத்தது. கணிதத்தை வெறும் யந்திரம் போலப் போடும் காரியமாகக் காட்டும் மதிப்பீட்டு முறையையும் குறை கூறியது. அதை ஒட்டி வந்த பாடப் புத்தகங்களும் நல்லவையே. அவற்றுக்குப் பதிலாகப் புதிய புத்தகங்களும் இப்போது வந்துவிட்டன. ஆனால் கிராமப்புறங்களில் ஆண்டாண்டாக எடுக்கப்படும் 'ஏஸர்' கணக்கெடுப்பு 2024-ல் சொன்னது என்ன? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர்தான் மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்க முடிந்தது. தில்லி கிராமமல்ல என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நோட்டைப் பார்த்தால் ஆறுதல் நிலைக்காது.

இதில் பந்தயமாக இருப்பது ஒரு மார்க்கு, இரண்டு மார்க்கு அல்ல. ஐந்திலும் எட்டிலும் தேறாத பிள்ளையை, மறுதேர்விலும் தேறாவிட்டால், அதே வகுப்பில் நிறுத்தி வைக்க வழிசெய்யும் விதியை 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. அதற்கு அப்பால், ஸி.பி.எஸ்.இ. 2019-20 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு 'ஸ்டாண்டர்டு', 'பேஸிக்' என்று இரண்டு தாள் வைத்திருக்கிறது. பாடம் ஒன்றே, தாள்தான் வேறு. மேற்கொண்டு கணிதம் படிக்கப் போவதில்லை என்பவர்களுக்காக வகுத்தது பேஸிக். ஏற்பாடு தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை எடுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையிலேயே கணிதம் வேண்டாம் என்று எடுக்கிறார்கள்? நாலாவதில் கழித்தலிலும் ஆறாவதில் பின்னத்திலும் முட்டிக்கொண்டு, யாரும் ஏன் என்று கேட்காமல், 'எனக்குக் கணக்கு வராது' என்ற முடிவுக்கு வந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை? பத்து ரூபாய் வித்தியாசத்துக்காக இரவு எட்டு மணி வரை ஆபீஸில் உட்காரும் தகப்பன், பிள்ளையின் பத்து எங்கே போயிற்று என்று தேடாததால் அந்தப் பிள்ளைக்கு எஞ்சினீயரிங் கதவு மூடிவிடுகிறது.

கூலி வேலைக்கு வந்த நம் குடும்பங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே இரவில் நோட்டைப் பார்க்கவும் ஆள் கிடையாது. 2025 ஜூன் 1-ந் தேதி ஜங்புராவில் பாராபுலா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நகரின் வடக்குக் கோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்கள் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். அப்படி இடம் மாறும் குழந்தை பள்ளி மாறும்போது புத்தகத்தையும் பையையும் மட்டும் எடுத்துப் போவதில்லை; தன் பூச்சிகளையும் கூடவே எடுத்துப் போகிறது. புதிய வாத்தியாருக்கு அது 'மக்குப் பிள்ளை'. அவ்வளவுதான்.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு என்பதை நான் அறிவேன். ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள். போர்ஷனை முடிக்க வேண்டும். ஒவ்வொருவனிடமும் 'எப்படிப் போட்டாய்' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வருஷம் போதாது என்பார்கள் ஆசிரியர்கள். நியாயமான பேச்சு. ஆனால் ஐம்பது பிள்ளைகள் ஐம்பது விதமாகத் தப்புச் செய்வதில்லை. ஒரு கணக்குக்கு மூன்று அல்லது நாலு தப்பு விடைகள்தான் திரும்பத் திரும்ப வரும். யார் எழுதியது என்று சொல்லாமல் அந்த நாலையும் சரியான விடையோடு சேர்த்துப் பலகையில் எழுதிவிட்டு, 'இவற்றில் எது சரி, மற்றவற்றைப் போட்டவன் என்ன நினைத்துப் போட்டிருப்பான்' என்று கேட்டால், ஒரு பீரியடில் வகுப்பு முழுவதும் வைத்தியம் நடந்துவிடும். பெயர் சொல்லாதது முக்கியம். பெயர் சொல்லி எழுந்து நிற்கவைத்து, மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தால் அதைவிடச் சிவப்புப் பெருக்கல் குறியே மேல்.

தப்பைப் பலகையில் எழுதினால் நல்ல பிள்ளைக்கும் அது ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் இன்னொன்று. ஒட்டிக்கொள்வது அது எழுதப்படுவதால் அல்ல. ஏன் தப்பு என்று பேசாமல் விடுவதால். வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாம், பேச்சே போதும் என்று நான் சொல்வதாகவும் யாரும் கொள்ள வேண்டாம். பதினாறு வாய்ப்பாடு தெரியாத பிள்ளையோடு எதைப் பேசினாலும் பாதியில் நின்றுவிடும். ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, விரலை ஆட்டி விடையைச் சொல்லவைக்கும் துரிதக் கணக்கு வகுப்புகளுக்குப் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அலைவதைவிட, வீட்டில் பத்து நிமிஷம் 'எப்படிப் போட்டாய்' என்று கேட்பது மேல் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

தில்லியிலேயே ஜோடோ கியான் என்ற ஓர் அமைப்பு வெகுகாலமாகக் கணிதக் கல்வியில் வேலை செய்து வருகிறது. அவர்களுடைய 'கணிதமாலை' ஓர் எளிய சாதனம். நூறு மணிகள் கோத்த ஒரு மாலை. பத்து ஒரு நிறம், அடுத்த பத்து வேறு நிறம் என்று மாறி மாறி வரும். 52-லிருந்து 17 மணிகள் பின்னால் நகர்ந்து பார் என்றால், 45-ம் வராது, 25-ம் வராது என்று பிள்ளையின் கையே சொல்லிவிடும். சதர் பஜாரில் மணி வாங்கி நாமே கோத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

நம் சமூகத்திடம் இன்னொரு வசதியும் இருக்கிறது. 1923-ல் மதராசிகளின் கல்விச் சங்கமாகத் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் கீழ் இன்று ஏழு பள்ளிகள் நடக்கின்றன. பிள்ளை தமிழில் தட்டுத் தடுமாறிச் சொல்வதையும் புரிந்துகொள்ளக்கூடிய ஆசிரியர்கள் இந்த ஊரில் வேறு எங்கே கிடைப்பார்கள்? 'எப்படிப் போட்டாய்' என்ற கேள்விக்குப் பிள்ளை தன் மொழியில்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். ஏழு பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தப்படும்போது, ஒவ்வொரு வகுப்பிலும் அதிகமாக வந்த தப்பு விடைகளை மட்டும் குறித்து, ஒரு பொதுப் பதிவேடாகச் சேர்த்தால் என்ன? மூன்று வருஷத்தில் தில்லித் தமிழ்ப் பிள்ளைகளின் தப்புகளைப் பற்றி ஒரு பொக்கிஷமே சேர்ந்துவிடும். இப்படிச் செய்யும் ஆசிரியர்கள் அங்கே ஏற்கெனவே ஒருவர், இருவர் இருக்கலாம். இருந்தால், அவர்கள் நோட்டிலிருந்தே தொடங்கலாம். உன்சாஸுக்கு 59 எழுதுவது போன்றவை எந்த வெளிநாட்டு ஆராய்ச்சியிலும் கிடைக்காது.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது எத்தனை மார்க்கு என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், விடைத்தாளைக் கையில் வாங்கித் தப்பான கணக்குகளைப் பாருங்கள். 'இவன் கவனக்குறைவு' என்று சொன்னால், 'எந்த மாதிரிக் கணக்கில்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். வீட்டில் நோட்டைப் பார்க்கும்போது சரியான கணக்கையும் சில சமயம் 'எப்படிப் போட்டாய்' என்று கேளுங்கள். தப்பானதற்கு மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே தப்புக்கு அடையாளம் என்று பிள்ளை கண்டுகொண்டு, வாயைத் திறக்காது. படிக்காத தாயாரும் இதைக் கேட்கலாம். விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை சொல்லிக்கொண்டே வரும்போது பல சமயம் தானே நடுவில் நின்று, "இரு, இரு" என்று அழித்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பிளாக்குப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா தம் முறையை விட்டுக்கொடுத்துவிட்டார். பள்ளிக்கூட முறை ஒன்றுதான் இப்போது வீட்டிலும். இரண்டு இலக்கக் கழித்தல் சரியாகிவிட்டது. மூன்று இலக்கத்தில் சைபர் வந்து வழியை மறித்திருக்கிறது. 305-ல் 178 போனால் 227 என்று நேற்று எழுதியிருக்கிறான். நான் படியேறும்போது அறையும் கேட்கவில்லை, அழுகையும் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது. அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தடவை நூறு அதிகமாக வருகிறது சார்" என்றார்.